பட்டுக்கடையில் என் புழுக்கள்

சென்னைக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தி.நகர் போவீங்களோ?" போனேன். அங்கே ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் மதியம் முழுக்க உட்கார்ந்தும் இருந்தேன். சேலை பார்க்கவல்ல, கையில் கொண்டுபோன புழுக்களுக்குக் கொஞ்சம் குளிர்காற்று கிடைக்கட்டும் என்று. யாழ்ப்பாணம் திரும்பி வந்து இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிப்பிக்கிறவன். என் துறையில் துஷ்யந்தி என்றொரு விரிவுரையாளர் இருக்கிறார். எங்கள் ஊர்ப் பழஞ்சோற்றுத் தண்ணீரில் இருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார். அது குடலுக்குள் போனால் அங்கேயே குடியிருக்குமா, இல்லை வழிப்போக்கனாக மறுபக்கம் போய்விடுமா என்பதுதான் அவருடைய கேள்வி. பார்த்துச் சொல்ல உயிருள்ள ஒரு குடல் வேண்டும். எலி வளர்க்க எங்களிடம் இடமும் இல்லை, வசதியும் இல்லை. ஆராய்ச்சி அப்படியே படுத்துவிட்டது. "இந்த முறையும் சரிவராட்டி நான் விட்டிட்டு வேற வேலை பாக்கப்போறன் சேர்" என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்கிற ஆள் இல்லை.

தரமணிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்குப் பதிலாகப் புழுவை வைத்து இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று தெரியவந்தது. எங்கள் நுண்ணுயிரை முன்கூட்டியே முறைப்படி அனுப்பிவைத்தோம். துஷ்யந்திக்குக் கைக்குழந்தை. அதனால் பயணம் என் தலையில் விழுந்தது.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறை கிடைத்தது. கீழே வீட்டுக்கார மாமி. முதல் நாளே படியில் மறித்து விசாரித்தார். "நீங்க என்ன ஆராய்ச்சி பண்றேள்?" புழு என்றேன். மாமி இரண்டு படி பின்வாங்கினார். "புழுவா! அதையெல்லாம் ஆத்துக்குள்ள எடுத்துண்டு வந்துடாதேள். அரிசியில ஒரு வண்டு தெரிஞ்சாலே நான் மொத்தத்தையும் மொட்டை மாடியில கொட்டிண்டு உக்காந்துடுவேன்." கொண்டுவரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

காலைச் சாப்பாடு தெருமுனை மெஸ்ஸில். இட்லியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சட்னி நாலு வகை வைத்துவிட்டு எதிலும் உறைப்பு இல்லாமல் செய்வது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் வீட்டுச் சம்பலில் ஒரு கரண்டி இருந்தால் அந்த மேசையே கண்ணீர் விட்டிருக்கும். கடைசியில் பரிமாறுகிறவரிடம் "ஒரு தேத்தண்ணி" என்றேன். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "இல்லை, தேத்தண்ணி." இன்னொரு டம்ளர் தண்ணீர் வந்தது. "தோ இன்னா சார், எவ்ளோ தண்ணிதான் குடிப்ப?" என்று அவர் கேட்டபோது பக்கத்து மேசைக்காரர் இரக்கப்பட்டு "டீ கேக்குறாருப்பா, சிலோன்காரரு" என்று மொழிபெயர்த்தார்.

ஆய்வுக்கூடத்துக்குப் பறக்கும் ரயிலில் போய்வந்தேன். பெயரைக் கேட்டு எதிர்பார்த்த அளவுக்கு அது பறக்கவில்லை, ஆனால் காற்று நன்றாக வந்தது. எதிர் இருக்கையில் இரண்டு பையன்கள். "இன்டர்வியூ இன்னாச்சு மச்சி?" "புட்டுக்கிச்சு மச்சி." காலையில் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு நேர்முகத் தேர்வில் ஏன் பிட்டு கொடுத்தார்கள் என்று புரியவில்லை. இறங்கும்வரை யோசித்தேன். ஆய்வுக்கூடத்தில் நஸ்ரீனிடம் கேட்டபோதுதான், அப்படிச் சொன்னால் காரியம் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம் எனத் தெரிந்தது.

நஸ்ரீன் அங்கே புழு அறையைக் கவனித்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வெளியே சென்னைத் தமிழ். "புழுகிட்ட மட்டும் இங்கிலீஷ் சார், அதுக்கு அதான் பழக்கம்" என்றார். என்னை உருப்பெருக்கியின் முன்னால் உட்காரவைத்து, சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றை அடியில் தள்ளினார். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூசு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் வளைந்து நெளிந்து போகிற, உடம்பு முழுக்கத் தெளிந்த கண்ணாடி போன்ற ஒரு புழு. தொண்டை துடிப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால் குடல், வாயில் தொடங்கி வாலருகே முடிகிற நேரான குழாய். எந்த வெட்டும் கிழிசலும் இல்லாமல் உயிரோடு இருக்கிற ஒன்றின் குடலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அப்படிப் பார்த்ததில்லை. மனது நிறைந்துவிட்டது.

மண்ணில் கிருமிகளைத் தின்று வாழ்கிற புழு அது. நம் வயிற்றுக்குள் வருகிற வகை அல்ல. முட்டையோடு இருக்கிற தாய்ப்புழுக்களை வெளுப்புத் திரவத்தில் போட்டால் தாயும் அதன் மேலிருந்த கிருமிகளும் கரைந்துபோகும், முட்டை மட்டும் தப்பும். அந்த முட்டையில் இருந்து வருகிற குஞ்சின் வயிறு சுத்தமான வெற்றிடம். அதில் நாம் விரும்பிய ஒரேயொரு நுண்ணுயிரைக் குடியேற்றலாம். அதன்பின் புழுவை வெறுந்தட்டில் விட்டால் வயிற்றில் சும்மா கடந்துபோகிறவை வெளியேறிவிடும். தங்கியவை தங்கும். புழுவைக் கழுவி, அரைத்து, வேறு தட்டில் பூசினால் தங்கியவை புள்ளி புள்ளியாக வளர்ந்து தங்களைக் காட்டிக்கொடுக்கும். துஷ்யந்தியின் கேள்விக்குச் சில நாளில் விடை. எனக்கு அங்கேயே எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது.

ஒரேயொரு சிக்கல், இந்தப் புழுவுக்கு இருபது டிகிரி வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் சோர்ந்துபோகும். இன்னும் ஏறினால் முட்டை இடாது, தின்னாது, பிறகு சாகும். சென்னை வெயிலில் இப்படியொரு பிராணியை வளர்ப்பது என்பது பனிக்கரடியைப் பருத்தித்துறையில் வைத்திருப்பது போலத்தான். குளிர் அலமாரியின் தயவில் வாழ்கின்றன.

அந்தப் புழுப் பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். கறாரான மனுஷி. என்னிடம் முதல் நாள் சொன்னது ஒரே ஒரு விதி. "எனக்குச் சொல்லாம ஒரு தட்டுகூட இந்த ரூமை விட்டு வெளிய போகக்கூடாது." சரி மேடம் என்றேன். மறுநாள் அவர் டெல்லிக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் நுண்ணுயிரைத் தின்னவிட்ட புழுக்கள் நன்றாகவே வளர்ந்தன. வெள்ளிக்கிழமை காலையில் போனபோது நஸ்ரீன் வாசலிலேயே நின்றார். தெருவில் வடிகால் தோண்டியவர்கள் மின்கம்பியையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். ஜெனரேட்டரில் ஆழ்குளிர்ப் பெட்டிகள் மட்டும்தான் ஓடும். "அலமாரி இருபத்துநாலு காட்டுது சார். மத்த புழுவெல்லாம் ஸ்டாக் இருக்கு, திருப்பி எடுத்துக்கலாம். உங்களுது இது ஒண்ணுதான்." மறுபடி முட்டையில் இருந்து தொடங்க எனக்கு நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்பவேண்டும்.

மேடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தோம். கூட்டத்தில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு கல்லூரியில் நஸ்ரீனின் பழைய தோழி ஒருவருக்குக் குளிர் அலமாரி இருக்கிறது, ஆனால் அவர் மூன்று மணிக்குத்தான் வருவார். நான் விதியை மறந்தேன் என்று சொல்லமாட்டேன். நன்றாக நினைவிருக்கும்போதே தட்டுகளைச் சுற்றி ஒட்டி, ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்கினேன். ரெஜிபோம் என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அந்த மீன் பெட்டிதான். உள்ளே குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டும் ஒரு வெப்பமானியும். நஸ்ரீன் மற்றப் புழுக்களைக் காப்பாற்ற அங்கேயே நின்றுகொண்டார்.

ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்த்தார். "இன்னா சார் பெட்டில, மீனா?"

"மீன் இல்லை தம்பி. புழு."

"தூண்டிலுக்கா? அப்போ காசிமேடு போவணும்ல நைனா, கோடம்பாக்கத்துல இன்னா மீன் கீது?"

விளக்கத் தொடங்கினால் அடையாறு தாண்டுவதற்குள் முடியாது என்று தெரிந்தது. தூண்டிலுக்குத்தான் என்றேன். அவர் சைதாப்பேட்டைவரை எனக்கு வஞ்சிரம் பிடிப்பது பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். தி.நகருக்குள் நுழைந்து, கடைத்தெரு நெரிசலின் நட்டநடுவில், வண்டி இருமி, குலுங்கி, நின்றது. இறங்கி இரண்டு உதை கொடுத்துப் பார்த்தார். "புட்டுக்கிச்சு சார்." இந்தமுறை எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வேறு ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. தலைக்கு மேல் வெயில், கையில் பெட்டி. மூடியை நீக்கிப் பார்த்தால் இருபத்தைந்து. போத்தல்கள் வெதுவெதுப்பாகிவிட்டன. கல்லூரிக்குப் போனாலும் மூன்று மணிவரை வாசலில்தான் நிற்கவேண்டும். மாமி வீட்டுக்குப் போகமுடியாது. துஷ்யந்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது. உண்மையாகவே அழுகை முட்டியது. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு திறந்து ஒரு குடும்பம் பைகளோடு வெளியே வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து வந்த காற்று என் முழங்கால்வரை சில்லிட்டது. ஐந்து மாடி ஜவுளிக்கடை. சென்னையில் இருபது டிகிரி எங்கே கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசல் காவலாளி மறித்தார். "பெட்டிய டோக்கன் போட்டு வெச்சுட்டுப் போ சார்." டோக்கன் மேசை இருந்தது வெளியே, வெயிலில். முடியாது என்றேன். "இன்னா கீது உள்ள?"

இங்கேதான் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வயிற்றில் இருப்பதைப் பூச்சி என்போம், அதற்குப் போடும் மாத்திரை பூச்சிக் குளிசை. குடல் ஆராய்ச்சி என்று நினைத்தவுடன் அந்தச் சொல்தான் வாய்க்கு வந்தது. பட்டுக்கடை வாசலில் நின்றுகொண்டு பெட்டி நிறையப் பூச்சி இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? நல்லவேளை, விழுங்கிவிட்டேன். "புழு. உயிரோட இருக்கு. சூடு பட்டால் செத்துப்போகும்" என்றேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். மேலாளர், நெற்றியில் திருநீறு, பேச்சில் திருநெல்வேலி. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "பட்டுப்புழுவா? அட, அதை ஏன் வெயில்ல வச்சுக்கிட்டு நிக்கிய? மேல வாங்க. பட்டு செக்சன்ல ஏசி நல்லா இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. மின்தூக்கியில் அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

மேலே வெள்ளை மெத்தை விரித்து, ஒரு கல்யாணக் குடும்பம் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. குளிர்காற்று நேராக விழுகிற மூலையில் எனக்கு ஒரு நாற்காலி. சற்று நேரத்தில் வெப்பமானி இருபத்துமூன்றுக்கு இறங்கியது, பிறகு இருபத்தொன்று. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. குடிக்க மோர் கொடுத்தார்கள். அதைக் குடிக்கக் குடிக்க மனச்சாட்சி குத்தத் தொடங்கியது.

அதற்குள் மேலாளர் கல்யாணப் பெண்ணின் அத்தையை அழைத்து வந்துவிட்டார். "அம்மா கட்டுற பட்டெல்லாம் இதுலேர்ந்துதான் வருது. சார், ஒண்ணு காட்டுங்களேன்."

இனி மறைக்க வழியில்லை. ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஒண்ணுமே காணோமே?"

"அண்ணை, மன்னிக்கவேணும்" என்றேன் மேலாளரிடம். "இது பட்டுப்புழு இல்லை. உங்களுக்குச் சொல்லாமல் விட்டது பிழை. இது மண்ணில இருக்கிற சின்னப் புழு. எங்கட வயித்துக்குள்ள இருக்கிற கிருமி என்ன செய்யுது எண்டு பார்க்க இதைத்தான் வளர்க்கிறம்."

மேலாளரின் கை தானாகப் பக்கத்தில் இருந்த சேலை அடுக்கின் மேல் போனது. "சேலையில ஏறாதே?"

"ஏறாது. அந்த ஈரத்தை விட்டு வெளியில வந்தால் காய்ஞ்சு செத்துப்போகும். தட்டும் ஒட்டித்தான் இருக்கு."

அவர் யோசித்தார். கல்யாணக் குடும்பம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. நான் பெட்டியை மூடி எழுந்திருக்கத் தயாரானேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "வயித்து விஷயம்னு சொல்லுதீங்க. எனக்குச் சாப்பிட்டா உடனே ஒரே உப்புசம் சார். இந்தப் புழு அதுக்கு ஏதும் வழி சொல்லுமா?"

அடுத்த ஒரு மணி நேரம் நான் அங்கே கிளினிக் நடத்தினேன். அத்தைக்கு நெஞ்செரிச்சல். விற்பனைப் பெண்ணுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. புழுவுக்கு நல்லதாக இருப்பதெல்லாம் மனிதருக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்லமுடியாது, இது முதல் கேள்வியைச் சுலபமாகக் கேட்டுப்பார்க்கிற வழி மட்டும்தான், உடம்புக்கு வருத்தம் என்றால் டாக்டரிடம் போங்கோ என்று எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "பழைய சோத்துத் தண்ணியில எடுத்த கிருமியா?" என்று மேலாளர் விட்டுவிடாமல் கேட்டார். "எங்க ஊர்ல தினம் குடிப்போமே! அது வயித்துல தங்குதான்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லணும் நீங்க." கிளம்பும்போது நன்றிக்காக மனைவிக்கு ஒரு சேலை எடுத்தேன். மயில்கழுத்து நிறம். தேர்ந்து கொடுத்தது அந்த அத்தை. கடையின் வண்டியிலேயே என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

கல்லூரி அலமாரியில் தட்டுகளை வைத்துவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தேன். நெளிந்துகொண்டிருந்தன. தொண்டை துடித்தது. நஸ்ரீனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டு, "சார், மேடம் லைன்ல வந்தாங்க. நடந்ததெல்லாம் சொல்லிட்டேன். உங்களப் பத்தி ரொம்ப நேரம் பேசினாங்க" என்றார்.

"ரொம்ப நேரமோ?" என்றேன்.

"ஆமா சார். டைரக்டர்கிட்டயும் பேசிட்டாங்களாம். திங்கக்கிழமை நேர்ல பேசறேன்னாங்க."

விதியை மீறினேன், தட்டை வெளியே எடுத்தேன், அதுவும் ஜவுளிக்கடைக்கு. பேசாமல் என்ன செய்வார்? மேலே எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை. மின்சாரம் வந்து, சனிக்கிழமை தட்டுகளைத் திரும்பக் கொண்டுபோய், புழுக்களை வெறுந்தட்டில் விட்டு, கழுவி, அரைத்துப் பூசினோம். நஸ்ரீன் வேலையில் மூழ்கியிருந்தார், நான் பயத்தில் மூழ்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் மெஸ்ஸில் எனக்குச் சரியாக டீ கொண்டுவந்து வைத்தார்கள், அதுகூட இறங்கவில்லை. புழு பிழைத்து என்ன, இனி அந்த வாசலில் எங்கள் துறைக்கு இடமில்லை. துஷ்யந்திக்கு என்ன சொல்வேன்?

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குள் போனேன். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நானே தொடங்கினேன். "நீங்கள் பேசினது சரிதான் மேடம். பிழை என்னுடையதுதான். இன்னும் பேசுறதெண்டாலும் பேசுங்கோ."

மேடம் என்னைப் பார்த்தார், பிறகு நஸ்ரீனைப் பார்த்தார். "பேசினது சரிதான்னா? நான் டைரக்டர்கிட்ட உங்களுக்காகப் பேசினேன். புழுவை உங்க ஊருக்கு முறைப்படி அனுப்பவும், உங்க விரிவுரையாளர் வந்து இங்க பழகவும். அவரும் சரின்னுட்டார். இதுல என்ன பிழை?"

"எங்கட ஊரில பேசுறது எண்டால்... ஏசுறது மேடம்."

நஸ்ரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ சார்! மூணு நாளா திட்டு வாங்கினதா நெனச்சுக்கினு இருந்தீங்களா?"

சென்னைத் தமிழ் தெரியாதவன் அல்ல நான். சின்ன வயதில் இருந்து சினிமா பார்த்தவன். ஆனால் பயந்துபோன காது தன் ஊர்ப் பாஷையில்தான் கேட்கிறது. எல்லாம் ஏசி போனதால் வந்த வினை என்றேன். அதற்கு மேடமும் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைக் கறாராக்கிக்கொண்டு, "சொல்லாம எடுத்துட்டுப் போனதுக்கு உங்க ஊர்ப் பேச்சு தனியா உண்டு. மொதல்ல இதைப் பாருங்க" என்று ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார்.

வெள்ளைப் புள்ளிகள், தட்டு முழுக்க. ஒன்றோடொன்று ஒட்டாமல், உருண்டையாக, எங்கள் பழஞ்சோற்றுக் கிருமி. போய்விடவில்லை, குடியிருந்திருக்கிறது. கண் கலங்கியதை மறைக்க நான் முயற்சிக்கவில்லை.

அன்று மதியம் அங்கேயிருந்தே துஷ்யந்திக்கு அழைத்தேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நெஞ்சு நிறைந்திருந்ததில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "பிள்ளை, இஞ்ச மேடம் எங்களைப் பற்றிப் பேசினவா" என்றேன்.

"ஐயோ... கனக்கப் பேசினவாவோ சேர்?"

"கனக்கப் பேசினவா. டைரக்டரிட்டயும் பேசினவா."

"அப்ப எல்லாம் முடிஞ்சுதோ சேர்?" அவர் குரல் உடைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இல்லைப் பிள்ளை, தொடங்கீற்றுது" என்றேன். "உம்மட கிருமி தங்கீற்றுது."